ஆர்டிஸ் கில்மோரை ஏன் விட்டீங்க? என்பிஏ ஆல்-டைம் லிஸ்டுக்கு ஓட்டு போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

என்பிஏ-ங்குற அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்கோட ஆல்-டைம் லிஸ்டுக்கு, அதாவது வரலாற்றுலயே சிறந்த ஆட்டக்காரங்க பட்டியலுக்கு, ஓட்டு போடுற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

2021 அக்டோபர்ல லீக்கோட 75-வது சீசனுக்காக நீங்க ஓட்டு போட்டு ஒரு லிஸ்ட் வந்துச்சு. 75 பேருன்னு ஆரம்பிச்சு ஓட்டு சமமா விழுந்ததால 76 பேர்ல முடிஞ்சுது. அது வந்து சில வருஷம் ஆயிடுச்சே, இப்ப எதுக்கு மடல்னு கேப்பீங்க. இங்க சென்னையில, மதுரையில, கோயமுத்தூர்ல காலங்காத்தால எழுந்து மேட்ச் பாக்குற பசங்க நிறைய பேரு இருக்காங்க, பழைய ஆளுங்க யாருன்னு அவங்க தெரிஞ்சுக்குறதுக்கு முதல்ல கைக்கு கிடைக்கறதே உங்க லிஸ்ட்தான். அதுல பேரு இருந்தா தேடிப்போய் பழைய வீடியோ பாக்குறாங்க, இல்லன்னா அந்த மனுஷன் ஆடினதே இல்லங்குற மாதிரி ஆயிடுது. இன்னொன்னும் இருக்கு, 1996-ல 50-வது வருஷத்துக்குன்னு எடுத்த 50 பேரும் ஒருத்தர் விடாம 2021 லிஸ்ட்லயும் வந்துட்டாங்க. உள்ள போன பேரு வெளிய வர்றதே இல்ல, அப்படின்னா வெளிய நிக்கிறவங்களுக்கு இடம் எங்க இருந்து வரும்?

ஆனா விட்டதை சேர்க்க முடியும்னு நீங்களே காட்டியிருக்கீங்க. பாப் மெக்கடூ 1975-ல எம்விபி (அந்த சீசனோட மிகச் சிறந்த ஆட்டக்காரர்), தொடர்ந்து மூணு சீசன் லீக்லயே அதிக ஸ்கோர் எடுத்தவரு, அவரை 1996-ல விட்டுட்டாங்க. டாமினிக் வில்கின்ஸையும் விட்டுட்டாங்க. ரெண்டு பேரும் 25 வருஷம் காத்திருந்து 2021-ல உள்ள வந்தாங்க. அந்த தைரியத்துலதான் இதை எழுதுறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க நிறைய இடத்துல ஆட்டத்துக்கு ஓட்டு போடல, ஆட்டத்தைப் பத்தி சொல்லப்படுற கதைக்கு ஓட்டு போட்டிருக்கீங்க. கதை நல்லா இருக்குறவன் கொஞ்சமா ஆடியிருந்தாலும் உள்ள வந்துடறான், கதை இல்லாதவன், அதிகம் பேசாதவன், டிவி போகாத ஊர்ல ஆடினவன், கடைசியில பேரைக் கெடுத்துக்கிட்டவன் எல்லாம் எவ்வளவு ஆடியிருந்தாலும் வெளிய நிக்கறான்.

ஆர்டிஸ் கில்மோர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு ரொம்ப வலிக்கிற பேரு அதுதான்.

7 அடி 2 அங்குலம், இடது கைக்காரரு, ஃப்ளோரிடாவுல சிப்லிங்குற சின்ன ஊர்ல பொறந்தவரு. ஜாக்சன்வில்னு யாருக்கும் அவ்வளவா தெரியாத ஒரு காலேஜை 1970-ல நேஷனல் ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு, அங்க யூசிஎல்ஏ கிட்ட தோத்தாங்க. காலேஜ்ல அவரு எடுத்த ரீபவுண்ட் (கூடைக்குள்ள போகாத ஷாட்டோட பந்தைப் பிடிக்கறது) சராசரி மேட்ச்சுக்கு 22.7, அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் யாரும் போகல. 1971-ல என்பிஏ பக்கம் வராம, அப்ப அதுக்குப் போட்டியா இருந்த ஏபிஏ லீக்ல கென்டக்கி கர்னல்ஸ் டீம்ல சேர்ந்தாரு. முதல் சீசன்லயே அந்த டீம் 68 மேட்ச் ஜெயிச்சு 16 தான் தோத்துது, அந்த வருஷத்து சிறந்த புதுமுகமும் அவருதான், லீக் எம்விபியும் அவருதான். அஞ்சு சீசன் ஏபிஏ-வுல ஆடினாரு, சீசனுக்கு 84 மேட்ச், மொத்தம் 420, ஒண்ணு கூட மிஸ் பண்ணல. அந்த அஞ்சு வருஷத்துல சராசரி 22 பாயின்ட், 17 ரீபவுண்ட். 1975-ல ஹ்யூபி பிரவுன் கோச்சா இருந்தப்ப டான் இஸ்ஸல், லூயி டாம்பியர் கூட சேர்ந்து சாம்பியன்ஷிப் வாங்கினாரு, அந்த ப்ளேஆஃப்ஸ் (சீசன் முடிஞ்சதும் சாம்பியனை முடிவு பண்ற கட்டம்) எம்விபியும் அவருதான்.

அதுக்கப்புறம் 1976-ல ரெண்டு லீக்கும் ஒண்ணா சேர்ந்துது. நெட்ஸ், நகெட்ஸ், பேசர்ஸ், ஸ்பர்ஸ்னு நாலு டீமை மட்டும் என்பிஏ எடுத்துக்கிச்சு, ஒரு வருஷத்துக்கு முன்னாடிதான் சாம்பியன் ஆன கென்டக்கி டீமை அதோட ஓனரு 30 லட்சம் டாலர் வாங்கிக்கிட்டு மூடிட்டாரு. டீம் இல்லாம நின்ன ஆட்டக்காரங்களை பிரிச்சுக் கொடுத்தப்ப முதல் ஆளா கில்மோரை எடுத்தது சிகாகோ புல்ஸ். ஜோர்டான் வர்றதுக்கு முன்னாடி இருந்த புல்ஸ், பெருசா ஜெயிக்காத புல்ஸ். அங்கயும், அப்புறம் சான் ஆன்டோனியோலயும் இவரு ஆடினதைப் பாருங்க, 1981-ல இருந்து 1984 வரைக்கும் நாலு சீசன் தொடர்ந்து லீக்லயே அதிக சதவீதத்துல ஷாட் போட்டவரு இவருதான், அதுல ஒரு சீசன் 67 சதவீதம். மொத்த என்பிஏ வாழ்க்கையிலயும் 59.9 சதவீதம், அவரு ஓய்வு பெற்றப்ப அதுதான் லீக் ரெக்கார்ட். 1988-ல ஆட்டத்தை விட்டவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் (பாஸ்கெட்பால் பெரியவங்களுக்கான கௌரவ மண்டபம்) கதவு திறக்க 2011 ஆச்சு.

ஏபிஏ, என்பிஏ ரெண்டும் சேர்த்தா அவரோடது 24,941 பாயின்ட், 16,330 ரீபவுண்ட். ஆனா உங்க அதிகாரப்பூர்வ கணக்குல அந்த 16,330-ல 7,000-க்கு மேல காணோம், ஏன்னா ஏபிஏ-வுல எடுத்ததை என்பிஏ எண்ணுறது இல்ல. இதை என்னால ஏத்துக்கவே முடியல. மூணு பாயின்ட் கோட்டை ஏபிஏ 1967-லயே போட்டுச்சு, நீங்க 1979-ல எடுத்துக்கிட்டீங்க. டங்க் (குதிச்சு பந்தை வளையத்துக்குள்ள அமுக்கறது) போட்டியை ஏபிஏ 1976-ல டென்வர்ல நடத்துச்சு, அதையும் எடுத்துக்கிட்டீங்க. டீமை எடுத்துக்கிட்டீங்க, ஆளுங்களை எடுத்துக்கிட்டீங்க, கோச்சுங்களையும் எடுத்துக்கிட்டீங்க. அந்த ஆளுங்க அங்க போட்ட கூடையை மட்டும் அங்கயே விட்டுட்டு வான்னா என்ன நியாயம்? ஜூலியஸ் எர்விங் மொத்தம் 30,026 பாயின்ட் எடுத்தவரு, உங்க கணக்குல அவருக்கு இருக்கறது 18,364 தான். அவருக்கு பரவாயில்ல, அவரு பறந்து போட்ட டங்க் எல்லாரு கண்ணுலயும் நிக்குது, கணக்கு இல்லன்னாலும் கதை அவரைக் காப்பாத்திடுச்சு. கில்மோருக்கு கதை இல்ல. அவரு வந்தாரு, போர்டுக்கு கீழ நின்னாரு, பந்தை எடுத்தாரு, போட்டாரு, வீட்டுக்குப் போனாரு.

சரி, யாரை எடுத்துட்டு இவரைப் போடுறதுன்னு நீங்க கேக்கணும், கேட்டாத்தான் நியாயம், பேரை சேர்க்கச் சொல்றவன் பேரை எடுக்கவும் சொல்லணும். நான் பில் வால்டனை சொல்லுவேன். எனக்கு வால்டனை ரொம்பப் பிடிக்கும், ஒரு சென்டர் (கூடைக்குப் பக்கத்துல ஆடுற உயரமான ஆளு) நின்ன இடத்துல இருந்தே ஆட்டம் முழுக்க பாஸ் போட்டு ஓட்டலாம்னு காட்டினவரு, 1977 சாம்பியன்ஷிப், அந்த ஃபைனல்ஸ் எம்விபி, 1978 எம்விபி, அப்புறம் 1986-ல பாஸ்டன்ல பெஞ்ச்ல இருந்து வந்து இன்னொரு சாம்பியன்ஷிப். ஆனா கால் எலும்பு ஒத்துழைக்காம அவரு மொத்தமா ஆடின ரெகுலர் சீசன் மேட்ச் 468. கில்மோர் ரெண்டு லீக்லயும் சேர்த்து ஆடினது 1,329. 1977-ல முதல் ரவுண்ட்ல இவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினாங்க, போர்ட்லேண்ட் 2-1-ன்னு தான் ஜெயிச்சுது, அந்த ஒரு மேட்ச் திரும்பியிருந்தா அந்த வருஷ சாம்பியன் கதையே வேற. நல்லா இருந்தப்ப வால்டன் பெரியவரா கில்மோர் பெரியவரான்னு கேட்டா ஒரு சீசனுக்கு வால்டன்னு ஒத்துக்குவேன். 17 வருஷ உழைப்புக்கு எந்த மரியாதையும் கிடையாதான்னுதான் என் கேள்வி.

அடுத்து அலெக்ஸ் இங்கிலிஷ். 80-கள்ல என்பிஏ-வுல மொத்தமா அதிக பாயின்ட் எடுத்தது யாருன்னு கேட்டா எல்லாரும் லாரி பேர்டுன்னு சொல்லுவாங்க, இல்லன்னா கரீம், மோசஸ், ஜோர்டான்னு சொல்லுவாங்க. பதில் அலெக்ஸ் இங்கிலிஷ். 1976 ட்ராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுக்கறது) 23-வது ஆளா எடுத்தாங்க, அப்ப அது ரெண்டாவது ரவுண்ட், மில்வாக்கில பெருசா வாய்ப்பு கிடைக்கல, இண்டியானாவுல கொஞ்ச நாள், 1980-ல ஜார்ஜ் மெக்கின்னிஸைக் கொடுத்து டென்வர் இவரை வாங்கிச்சு. அதுக்கப்புறம் எட்டு சீசன் தொடர்ந்து சீசனுக்கு 2,000 பாயின்டுக்கு மேல. 1983-ல மேட்ச்சுக்கு 28.4 எடுத்து லீக்ல முதல் இடம், ரெண்டாவது இடத்துல இருந்தது அவரோட டீம்ல இருந்த கிக்கி வாண்டவே, ஒரே டீம்ல ரெண்டு பேரும். ஓய்வு பெறும்போது 25,613 பாயின்ட்.

அவரு ஆட்டத்தை இன்னிக்கு வீடியோவுல பாருங்க, ஒல்லியான உடம்பு, மேல தூக்கிப் பிடிச்ச கை, யாரு மேலயும் மோதாம, கத்தாம, எதிராளி குதிக்கறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டுப் போயிடும். டக் மோ கோச்சா இருந்த அந்த நகெட்ஸ் டீம் 1981-82-ல மேட்ச்சுக்கு 126.5 பாயின்ட் போட்டுச்சு. ஓடி ஓடி ஸ்கோர் ஏத்துற டீம், டிபென்ஸ் ஆடாது, அங்க யாரு வேணா ஸ்கோர் பண்ணலாம்னு ஒரு பேச்சு உண்டு, அதை நானும் கேட்டிருக்கேன், கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னா அதை சொல்லலாம், பத்து வருஷம் ஒரே சீரா போட்டவரு மேல அதை சொல்றது சரியில்ல. சாம்பியன்ஷிப் இல்ல, அதுவும் உண்மை. மேற்கு பக்கம் மேஜிக் ஜான்சனும் கரீமும் இருந்த லேக்கர்ஸைத் தாண்டி அந்த பத்து வருஷத்துல யாருதான் சுலபமா போனாங்க சொல்லுங்க. அவரு கவிதை எழுதி புத்தகம் போட்ட மனுஷன், கோர்ட்ல சத்தமே போட மாட்டாரு, விளம்பரத்துக்கு ஏத்த ஆளு இல்ல. அந்த காலத்து டிவி வேற, 1980 ஃபைனல்ஸ் கடைசி மேட்ச்சையே நிறைய ஊர்ல நேரடியா காட்டாம நைட்டு லேட்டா ரெக்கார்ட் பண்ணிதான் போட்டாங்க, ஃபைனல்ஸுக்கே அந்த கதின்னா டென்வர்ல நடந்த ஒரு செவ்வாய்க்கிழமை மேட்ச்சை யாரு பாத்திருப்பா?

ட்வைட் ஹவர்ட் விஷயம் வேற மாதிரி. இவரு அமைதியான ஆளு கிடையாது, சிரிச்சுக்கிட்டே இருப்பாரு, சூப்பர்மேன் துண்டைக் கட்டிக்கிட்டு டங்க் போட்டாரு, அப்புறம் ஊர் ஊரா டீம் மாறி எல்லார்கிட்டயும் கெட்ட பேரு வாங்கினாரு. அந்த கெட்ட பேருக்குத்தான் நீங்க ஓட்டு போட்டீங்கன்னு நான் நினைக்கிறேன். 2009, 2010, 2011 மூணு வருஷம் தொடர்ந்து லீக்கோட சிறந்த டிபென்ஸ் ஆட்டக்காரர் விருது, அதுக்கு முன்னாடி தொடர்ந்து மூணு யாரும் வாங்கினதில்ல. ஆல்-என்பிஏ டீம்ல (ஒவ்வொரு சீசனும் சிறந்தவங்களைத் தேர்ந்தெடுத்துப் போடுற கௌரவ டீம்) எட்டு தடவை, அதுல அஞ்சு தடவை வரிசையா முதல் டீம். ரீபவுண்ட்ல அஞ்சு சீசன் முதல் இடம். 2009-ல 66 மேட்ச் ஜெயிச்ச லெப்ரானோட கிளீவ்லேண்டை வீட்டுக்கு அனுப்பின ஆறாவது மேட்ச்ல 40 பாயின்ட், 14 ரீபவுண்ட்.

அந்த ஆர்லாண்டோ டீமை யாராவது உட்கார்ந்து ஒழுங்கா பாத்தீங்களா? நடுவுல ஒரே ஒரு பெரிய ஆளு, சுத்தி நாலு பேரு மூணு பாயின்ட் கோட்டுக்கு வெளிய, டர்கோக்லு, ரஷார்ட் லூயிஸ், ரெடிக்னு. ட்வைட் ரிங் பக்கம் ஓடினாலே ரெண்டு பேரு கூட ஓடணும், ஓடினா வெளிய ஒருத்தன் ஃப்ரீயா நிப்பான். அந்தப் பக்கம் டிபென்ஸ்லயும் அவரு ஒருத்தரு நிக்கிற தைரியத்துலதான் மத்த நாலு பேரு வெளிய போய் ஆடினாங்க. இன்னிக்கு பாதி லீக் ஆடுற ஆட்டத்தோட அடிப்படையை ஸ்டான் வான் கண்டி அன்னிக்கே இவரை வச்சு ஆடிக் காட்டினாரு. ஃபைனல்ஸ்ல கோபியோட லேக்கர்ஸ் கிட்ட 4-1-ன்னு தோத்தாங்க, சரி. 2012-ல முதுகுல ஆபரேஷன் நடந்ததுக்கு அப்புறம் அவரு பழைய ஆளே இல்ல, அதுவும் சரி.

இப்ப இதைப் பாருங்க. 2020-ல லேக்கர்ஸ் ஜெயிச்ச டீம்ல ஆந்தனி டேவிஸும் இருந்தாரு, ட்வைட்டும் இருந்தாரு. டேவிஸ் உங்க 76-ல இருக்காரு, அவருக்கு 2021 வரைக்கும் முதல் டீம் நாலு தடவை, டிபென்ஸ் விருது ஒண்ணும் கிடையாது. ட்வைட்டுக்கு முதல் டீம் அஞ்சு, டிபென்ஸ் விருது மூணு, அவரு இல்ல. டேவிஸ் திறமைசாலி, அதுல சந்தேகமே இல்ல, ஆனா இந்த ரெண்டு பேரு செஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒருத்தர் உள்ள ஒருத்தர் வெளியன்னு எப்படி வரும்? 2025-ல ஹால் ஆஃப் ஃபேம் ட்வைட்டை எடுத்துக்கிச்சு, நல்லது, அவங்களுக்கு தெரிஞ்சது உங்களுக்கும் தெரியட்டும்.

டேமியன் லிலார்டு விஷயமும் அப்படித்தான், அவரு உங்க 76-ல இருக்காரு. 2019-ல ஓக்லஹோமா மேல 37 அடி தூரத்துல இருந்து கடைசி நொடியில போட்ட அந்த ஷாட்டை நான் எத்தனை தடவை பாத்தாலும் அலுக்காது, அன்னிக்கு 50 பாயின்ட், பந்து உள்ள போனதும் எதிர் டீமுக்கு கையை ஆட்டி போயிட்டு வான்னு சொன்னாரே, அந்த மாதிரி ஒரு நிமிஷம் எல்லாருக்கும் அமையாது. ஆனா 2021 வரைக்கும் முதல் டீம் ஒரே தடவை, ஃபைனல்ஸ் போனதே இல்ல. அன்னிக்கு நடப்பு எம்விபியா இருந்த நிகோலா ஜோகிச்சை விட்டுட்டு லிலார்டை எடுத்தது எந்த கணக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. ஜோகிச் அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு எம்விபி வாங்கினாரு, 2023 ப்ளேஆஃப்ஸ்ல மொத்த பாயின்ட், மொத்த ரீபவுண்ட், மொத்த அசிஸ்ட் (கூட ஆடுறவன் ஸ்கோர் பண்ண பாஸ் கொடுக்கறது) மூணுலயும் முதல் இடம் வந்தாரு, ஒரே ப்ளேஆஃப்ஸ்ல அதை வேற யாரும் செஞ்சதில்ல. அவரைப் பத்தி இதுக்கு மேல நான் பேச வேண்டியதில்ல, அடுத்த லிஸ்ட்ல அவரு தானா வந்துடுவாரு.

டிபென்ஸ் ஆடுறவங்களுக்கு நீங்க செய்யறதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம். கல்யாண வீட்டுல பந்தியில பரிமாறினவன் முகம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அடுப்புகிட்ட நின்னவனை யாரும் கேக்க மாட்டாங்க, அப்படித்தான் இருக்கு இது. டிகெம்பே முடோம்போ நாலு தடவை சிறந்த டிபென்ஸ் விருது வாங்கினவரு, 3,289 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தட்டித் தடுக்கறது), என்பிஏ வரலாற்றுல அவருக்கு மேல இருக்கறது 3,830 எடுத்த ஹகீம் ஒலாஜுவான் மட்டும்தான். 1994-ல எட்டாவது இடத்துல இருந்த டென்வர் முதல் இடத்துல இருந்த சியாட்டிலை 3-2-ன்னு சாய்ச்சுதே, அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல, அந்த அஞ்சு மேட்ச்ல அவரு போட்ட பிளாக் 31. கடைசி விசில் அடிச்சப்ப தரையில படுத்து பந்தை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, பாஸ்கெட்பால் பாக்குற எவனும் அதை மறக்க மாட்டான். அவரு 2024-ல போயிட்டாரு, லிஸ்ட்ல பேரு வர்றதைப் பாக்காமலேயே போயிட்டாரு. உயிரோட இருக்கும்போதே மரியாதை செஞ்சிருக்கணும்.

பென் வாலஸும் நாலு தடவை அதே விருது வாங்கினாரு, ட்ராஃப்ட்ல யாருமே எடுக்காத ஆளு, 2004-ல ஷாக், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன் எல்லாரும் இருந்த லேக்கர்ஸை 4-1-ன்னு தோக்கடிச்ச டெட்ராய்ட் டீமோட நடு தூணு. அவரோட ஸ்கோர் சராசரி 5.7 தான், அதனால நீங்க தயங்குறது எனக்குப் புரியுது, நானே முடோம்போவை முதல்ல போட்டுட்டு அப்புறம்தான் வாலஸைப் பத்தி யோசிப்பேன். ஆனா யோசிக்கவாவது செய்யணும். ஸ்கோர் போடுறது பாதி ஆட்டம்னா மீதி பாதி ஸ்கோர் போட விடாம தடுக்கறதுதானே, அந்த பாதிக்கு இவ்வளவு குறைச்சலா இடம் கொடுத்தா எப்படி? அதுலயும் 1973-74 சீசனுக்கு முன்னாடி பிளாக், ஸ்டீல் (எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பறிக்கறது) ரெண்டையும் என்பிஏ எண்ணவே இல்ல. பில் ரஸல் 13 வருஷத்துல 11 சாம்பியன்ஷிப் வாங்கினாரு, அதை எப்படி வாங்கினாருங்குறதுல பாதி எந்த தாள்லயும் இல்ல. 1962-ல வில்ட் சேம்பர்லின் மேட்ச்சுக்கு 50.4 பாயின்ட் எடுத்த சீசன்லயே எம்விபி ரஸலுக்குப் போச்சு, அப்ப அந்த விருதுக்கு ஓட்டு போட்டது ஆட்டக்காரங்க, தினமும் அவரு கைக்கு எதிரா ஷாட் போட்டு பாத்தவங்க. அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு யாரு என்ன செய்யறாருன்னு.

இனி எல்லாரும் சண்டை போடுற பெரிய கேள்விக்கு வர்றேன். எல்லாத்துக்கும் மேல பெரியவரு யாரு? இங்க எங்க பசங்க கிட்ட கேட்டா ஜோர்டானா லெப்ரானா அப்படின்னு ரெண்டே பேருதான், நடுவுல கோபி பேரு வரும், அதோட முடிஞ்சுது. டிவில, பாட்காஸ்ட்ல நீங்களும் அதே ரெண்டு பேரை வச்சுதான் வருஷக்கணக்கா ஓட்டுறீங்க. எனக்கு கரீம் அப்துல்-ஜப்பார்தான். இதை வேணும்னு எதிர்த்துப் பேசணும்னு சொல்லல, யோசிச்சு யோசிச்சு இங்கதான் வந்து நிக்கறேன். ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்கணும், உயிரே போகும்னா நான் ஜோர்டானைத்தான் கூப்பிடுவேன், ஆறு ஃபைனல்ஸ், ஆறு ஃபைனல்ஸ் எம்விபி, பத்து தடவை ஸ்கோர்ல முதலிடம், 1988-ல ஸ்கோர்லயும் முதலிடம் டிபென்ஸ் விருதும் அவருக்கே. லெப்ரான் 2016-ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸ் கிட்ட 3-1 பின்தங்கி திரும்பி வந்தது மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. ஆனா முழு வாழ்க்கையையும் எடுத்து மேஜை மேல வச்சா கரீமோடது பெருசு.

காலேஜ்ல மூணு வருஷத்துல 88 ஜெயிச்சு 2 தோல்வி, மூணு வருஷமும் சாம்பியன். அவரு முதல் சீசன் ஆடி முடிச்சதும் 1967-ல காலேஜ் ஆட்டத்துல டங்க்கையே தடை பண்ணிட்டாங்க, அவரு என்ன பண்ணாரு, ஸ்கைஹுக்கை (ஒரு கையை தலைக்கு மேல தூக்கி வளைச்சுப் போடுற ஷாட்) இன்னும் கூர் தீட்டி அதையே 20 வருஷம் யாராலயும் தடுக்க முடியாத ஷாட்டா ஆக்கிக்கிட்டாரு. ஆறு எம்விபி, வேற யாருக்கும் ஆறு இல்ல. ஆறு சாம்பியன்ஷிப். 38,387 பாயின்ட், 1984-ல அவரு பிடிச்ச முதலிடத்தை லெப்ரான் வந்து எடுக்க 2023 ஆச்சு. முதல் ஃபைனல்ஸ் எம்விபி 1971, அடுத்தது 1985, நடுவுல 14 வருஷம்.

அந்த 1985 ஃபைனல்ஸை கொஞ்சம் பொறுமையா சொல்லணும். முதல் மேட்ச்ல பாஸ்டன் 148-114-ன்னு லேக்கர்ஸை அடிச்சு நொறுக்கிச்சு. கரீமுக்கு 12 பாயின்ட், 3 ரீபவுண்ட். வயசு 38, காலம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எழுதினாங்க. ரெண்டாவது மேட்ச்ல வந்து 30 பாயின்ட், 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். லேக்கர்ஸ் அதுக்கு முன்னாடி ஃபைனல்ஸ்ல பாஸ்டன் கிட்ட ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல, எட்டு தடவை தோத்திருக்காங்க, அந்த வருஷம்தான் முதல் தடவை ஜெயிச்சாங்க, அதுவும் பாஸ்டன்லயே. இது கதை இல்லையா? இருந்தும் சொல்லப்படாம போச்சு. 1980-லயும் அப்படித்தான், அஞ்சு மேட்ச்ல சராசரி 33.4, அஞ்சாவது மேட்ச்ல கால் பிசகியும் திரும்ப வந்து 40 பாயின்ட் போட்டு டீமுக்கு 3-2 வாங்கிக் கொடுத்துட்டு ஆறாவதுக்கு வர முடியாம வீட்டுல இருந்தாரு, அந்த ஆறாவது மேட்ச்ல 20 வயசு மேஜிக் சென்டர் இடத்துல நின்னு 42 எடுத்தாரு, ஃபைனல்ஸ் எம்விபி மேஜிக்குக்குப் போச்சு. மேஜிக் அன்னிக்கு ஆடினது அற்புதம்தான், ஆனா மீதி அஞ்சு மேட்ச் என்ன ஆச்சு?

கரீம் பத்திரிகைக்காரங்ககிட்ட சிரிச்சு சிரிச்சுப் பேசற ஆளு இல்ல, தன் மதத்தை, தன் பேரை, தன் கருத்தை யாருக்காகவும் மறைச்சுக்கல, அதுக்கு விலை கொடுத்தாருன்னு நான் நம்புறேன். மோசஸ் மலோன் கூட அப்படித்தான், மூணு எம்விபி, வரலாற்றுலயே அதிக அஃபென்ஸிவ் ரீபவுண்ட், ஸ்கூல்ல இருந்து நேரா ஏபிஏ-வுக்கு வந்தவரு, 1983-ல ஃபிலடெல்ஃபியாவை 12-1-ன்னு ப்ளேஆஃப்ஸ் தாண்டி சாம்பியன் ஆக்கினாரு. 76-ல இருக்காரு, ஆனா முதல் பத்து பேரு பேச்சுல அவரு பேரை எடுக்கிற ஆளு யாரு இருக்கா?

உங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஏபிஏ கணக்கை என்பிஏ கணக்கோட சேர்த்துப் போடுங்க, குறைஞ்சபட்சம் ஓட்டு போடுறவங்க கையில கொடுக்கற தாள்லயாவது ரெண்டும் சேர்ந்து இருக்கட்டும். வருஷா வருஷம் எம்விபிக்கு எந்த பத்திரிகைக்காரர் யாருக்கு ஓட்டு போட்டாருன்னு வெளியிடுறீங்க, நல்ல பழக்கம், ஆல்-டைம் லிஸ்டுக்கும் ஒவ்வொருத்தரோட ஓட்டையும் ஏன் போட்டாருங்குற ரெண்டு வரி காரணத்தோட வெளியிடுங்க, காரணம் எழுதணும்னு வந்தாலே கை தானா நின்னு யோசிக்கும். பழைய லிஸ்ட்ல இருந்தவங்க எல்லாரும் அப்படியே வரணும்னு இல்லாம ஒவ்வொரு பேரையும் புதுசா எடுத்துப் பாருங்க. முடோம்போவோட ஆடினவங்க, கில்மோர் மேல மோதி விழுந்தவங்க எல்லாம் இன்னும் இருக்காங்க, அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு கேளுங்க, எந்த ராத்திரி யாரை நினைச்சு தூக்கம் வரலன்னு.

கில்மோர், இங்கிலிஷ், முடோம்போ, ஹவர்ட், இந்த நாலு பேரும் அடுத்த லிஸ்ட்ல வரணும். நான் சொல்றது தப்புன்னு உங்களுக்குப் பட்டா எந்த இடத்துல தப்புன்னு எழுதுங்க, படிக்கிறேன், இங்க நிறைய பேரு சேர்ந்தே படிப்போம். ஆனா அதுக்கு முன்னாடி 1975 கென்டக்கி டீமோட வீடியோ எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவையும் ஒரு தடவை உட்கார்ந்து பாத்துட்டு எழுதுங்க.

அன்புடன்,
ஒரு பாஸ்கெட்பால் ரசிகன்